ஆல்பினைக் கொண்டுபோன சொல்

கோவேறு கழுதை ஆல்பின் இல்லாமல் திரும்பி வந்தபோது ஹுல்டா களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கழுதையை நடத்திக்கொண்டு வந்தவன் ஜெனேசியோ. அவன் கையில் ஆல்பினின் தொப்பி இருந்தது. தொப்பியில் கட்டியிருந்த நாடாக்களில் பாதி அறுந்து தொங்கின.

ஹுல்டாவின் கல்யாணத்துக்கு அழைப்புச் சொல்லத்தான் ஆல்பின் தம்பியாய் லட்சணமாக அன்று காலை கிளம்பியிருந்தான். அந்த மலையில் மணப்பெண்ணின் தம்பிதான் அழைப்புக்காரன். நாடா சுற்றிய சாராயப் பாட்டிலோடு வீடு வீடாகப் போவான். வாசலில் நின்று நீளமான அழைப்புப் பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். வீட்டுக்காரர் பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவன் சட்டையில் ஒரு நாடாவைக் குத்துவார். குத்திவிட்டால் குடும்பத்தோடு வருகிறார் என்று அர்த்தம்.

"பாலத்துல ரெண்டு சிப்பாய் நின்னாங்க அக்கா. பிடிச்சுட்டுப் போய்ட்டாங்க," என்றான் ஜெனேசியோ.

"எதுக்கு?"

"அலெமான் பேசினானாம்."

"நீயும்தானே கூட இருந்தே?"

"நானும்தான் பேசினேன். அவனைவிட நான்தான் அதிகமா வாயடிச்சேன். என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நல்லா நடிக்கிறேடா, போய்ப் பொழைப்பைப் பாருன்னு விட்டுட்டாங்க."

ஜெனேசியோ கறுப்பன். அவனுடைய அம்மா காப்பி பறிக்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்தான். ஹுல்டாவின் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆல்பின் தொட்டிலிலேயே போட்டாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே அடி வாங்கி, ஒரே பேச்சைப் பேசி வளர்ந்தார்கள். போர்த்துகீசியம் அவனுக்கு மூட்டை தூக்கச் சந்தைக்குப் போன பிறகு வந்தது. சிப்பாய்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. அலெமான் என்றால் போர்த்துகீசியத்தில் ஜெர்மன்; சிப்பாய்களுக்கு அது வெளுத்த பொன்னிறத் தலைமுடி. ஜெனேசியோவின் தலையில் அது இல்லை.

ஹுல்டா கிளறுகோலைச் சுவரில் சாய்த்தாள். கையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அழவில்லை. தண்ணீர் குடித்தாள். அம்மா சாகும்போதுதான் கடைசியாக அழுதது. அதற்குப் பிறகு நிலமும் தம்பியும் அவள் தலையில் விழுந்ததில் அழுவதற்கு ஓய்வு கிடைக்கவில்லை.

இந்த அலெமான் என்ற சொல் அவர்கள் வீட்டுக்குள் வந்ததே இரண்டாம் உலகப்போர் வந்த பிறகுதான். அதற்கு முன்பு அவர்களுக்குத் தங்களைப் பற்றிப் பேசப் பெரிதாக ஒரு பெயரும் தேவைப்படவில்லை. பேச்சைப் பொமரிஷ் என்றார்கள். கொள்ளுத் தாத்தாக்கள் பொமரேனியா என்ற பால்டிக் கடற்கரையில் பண்ணையார்களிடம் கூலிக்கு உழுதவர்கள். பஞ்சம் தாங்காமல் கப்பலேறி பிரேசிலின் எஸ்பிரித்து சான்டோ மலைகளில் வந்து காட்டை வெட்டினார்கள். அவர்கள் கப்பலேறிய நாளில் அந்தக் கரை பிரஷ்ய ராஜாவின் சொத்து. ஜெர்மனி என்று ஒரு நாடே அப்போது கிடையாது.

ஜெர்மன் என்பதற்கு ஜெர்மன்காரர்களே சொல்லும் டாய்ச் என்ற சொல் அவர்களுக்கு வேறு ஒன்றைக் குறித்தது. அது கோயிலில் இருந்தது. வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் போதகரின் பிரசங்கமும் டாய்ச். ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளும் சப்பாத்து மாதிரி அது கடித்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் பொமரிஷ் பேசினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த போதகர் வில்கே, பிள்ளைகள் கோயில் வாசலில் பொமரிஷ் பேசினால் காதைத் திருகுவார். "அது தொழுவத்துப் பேச்சு. அது டாய்ச்சே இல்லை," என்பார். பெரியவர்களும் தலையைக் குனிந்து ஆமாம் என்பார்கள்.

இப்போது ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரேசில் கப்பல்களைக் கடலில் மூழ்கடித்தன. பிரேசிலும் போரில் இறங்கியது. மலையேறி வந்த சிப்பாய்கள் வேதப்புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கோயிலைப் பூட்டினார்கள். போதகரைப் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் காவலில் வைத்தார்கள். பொது இடத்தில் எதிரியின் மொழி பேசினால் சிறை என்று தண்டோரா போட்டார்கள். பொமரேனியர், சுவிஸ்காரர், லக்சம்பர்க்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் எல்லோரும் ஒரே நாளில் அலெமான் ஆனார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை எவால்ட் ஓடி வந்தான். நல்லவன். பன்றியைக்கூட அதட்டத் தெரியாதவன். ஆல்பினை இந்த வாரக் கடைசியில் தலைநகர்ச் சிறைக்கு லாரியில் ஏற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தான். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான். கல்யாணத்தைச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம், இரண்டு சாட்சிகளோடு பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்தால் போதும், ஆல்பின் விஷயம் போர் முடிந்தால் தானே சரியாகும் என்றான்.

"அம்மாவுக்காக ஒரு வருஷம் தள்ளி வச்சோம். போருக்காக இன்னொரு வருஷம் தள்ளி வச்சோம்," என்றாள் ஹுல்டா. "இப்ப திருட்டுத்தனமா பண்ணிக்கணுமா? என் தம்பி ஜெயில்ல கிடக்க நான் கல்யாண உடுப்பு போட்டு நிப்பேனா எவால்ட்? ஆல்பின் வரணும். மலை முழுக்கக் கூப்பிடணும். இல்லேன்னா நீ வேற பொண்ணைப் பார்த்துக்கோ."

எவால்ட் வேறு பெண்ணைப் பார்க்கிறவன் இல்லை. கூட வருகிறேன் என்றான். அவன் வரக்கூடாது என்றாள் ஹுல்டா. வெள்ளைத் தலைமுடிக்காரன் ஒருவன் கூட வந்தால் இரண்டு பேராக உள்ளே வைப்பார்கள். அவளுக்குப் போர்த்துகீசியம் காய்கறி விற்கிற அளவுக்குத்தான் வரும். ஜெனேசியோ வந்தால் போதும்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். கிழங்கு சேர்த்துச் சுட்ட மக்காச்சோள ரொட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் ஜெனேசியோ போர்த்துகீசியத்துக்கு மாறுவான். ஆள் போனதும் பொமரிஷுக்குத் திரும்புவான். அதிகாரி கோபக்காரர் என்று எச்சரித்தான். போன வருஷம் மூழ்கிய கப்பலில் அவருடைய மச்சினன் போய்விட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம்.

"அதைச் செஞ்சவன் ஆல்பின் இல்லை," என்றாள் ஹுல்டா. "கடலையே அவன் பார்த்ததில்லை."

"அதை நான் எப்படி அக்கா போர்த்துகீசியத்துல சொல்றது?"

"நான் சொல்ற மாதிரியே சொல்லு."

போலீஸ் நிலையம் சந்தைத் திடலுக்கு எதிரே இருந்தது. அதிகாரியின் பெயர் தவாரெஸ். கடற்கரைக்காரர். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். பெண் ஒருத்தி கறுப்பனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சிப்பாய் ஒருவன் வந்து நாளைக்கு வரச் சொன்னான். ஹுல்டா எழுந்திருக்கவில்லை. துணியைப் பிரித்து ரொட்டியைப் பிட்டு ஜெனேசியோவுக்கு ஒரு பாதி கொடுத்தாள். படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. படியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. தவாரெஸும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது சுற்றிப் போனார், வரும்போதும் சுற்றி வந்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார்.

கல்யாணம், அழைப்பு, பாட்டு எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல ஜெனேசியோ மொழிபெயர்த்தான். தவாரெஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டாக இருந்தாலும் பிரார்த்தனையாக இருந்தாலும் அலெமான் அலெமான்தான் என்றார்.

"அவன் பேசினது அலெமான் இல்லைங்க," என்றாள் ஹுல்டா.

ஜெனேசியோ அதைச் சொன்னதும் தவாரெஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் பார்வை ஜெனேசியோ மேல் விழுந்தது. "நீ இவளோட என்ன மொழியில பேசுறே?"

"இவங்க மொழியிலதாங்க. என்னோட மொழியும் அதுதான். நான் வளர்ந்தது அதுல."

"அப்ப உனக்கு ஜெர்மன் தெரியும்."

"ஐயா, எனக்கு ஜெர்மன் தெரியாது. கோயில்ல போதகர் ஒரு மணி நேரம் ஜெர்மன்ல பேசுவார். எனக்கு ஆமென் மட்டும்தான் புரியும்."

வாசலில் நின்ற சிப்பாய் சிரிப்பை இருமலாக மாற்றினான். தவாரெஸ் சிரிக்கவில்லை. பதினெட்டு இருபது வருஷப் போலீஸ் வேலையில் அவர் பார்த்த உலகத்தில் ஒரு மொழி இருந்தால் அதற்கு ஒரு நாடு இருக்கும். நாடு இருந்தால் அது எந்தப் பக்கம் என்று தெரியும். இந்தப் பேச்சுக்கு எந்த நாடு என்று கேட்டார். இந்த மலைதான் என்று ஹுல்டா சொன்னாள். விளையாடாதே என்றார் அவர். விளையாடவில்லை, தாத்தாவின் ஊர் எங்கே இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது, இங்கே பிறந்தவள், ஆல்பின் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தபோது பிரேசில்காரன் என்றுதானே எழுதிக்கொண்டார்கள் என்றாள்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார் தவாரெஸ். "போருக்கு முந்தி ஜெர்மன்னு நெஞ்சை நிமிர்த்தினீங்க. இப்ப யாருமே ஜெர்மன் இல்லை."

சிலர் நிமிர்த்தியது உண்மைதான். கீழ்ப் பள்ளத்தாக்கு ஆலைக்காரர் வீட்டில் ஜெர்மன் கொடிகூட இருந்தது. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே ஹுல்டா சொன்னாள்: "பின்னாடி அறையில ஒரு ஜெர்மன்காரர் இருக்கார். அங்கேயே பிறந்து அங்கேயே படிச்சவர். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க, நாங்க பேசுறது அதுதானான்னு."

ஜெனேசியோ மொழிபெயர்க்காமல் அவள் பக்கம் திரும்பினான். போதகரை நம்பிக் கழுத்தைக் கொடுக்காதே என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் ஆல்பினுக்கு லாரிதான். ஹுல்டா, "சொல்லு," என்றாள். அவன் சொன்னான்.

போதகர் வில்கே வந்தபோது ஹுல்டாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்திருந்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லை. ஆனால் நிற்கிற நிமிர்வு அப்படியே இருந்தது. தவாரெஸ் கேள்வியைக் கேட்டதும் அவர் தடுமாறாமல் தன் கட்டைப் போர்த்துகீசியத்தில் பதில் சொன்னார். இந்த மக்கள் இரத்தத்தால் ஜெர்மானியர். மூன்று தலைமுறையாகக் காட்டில் இருந்தும் ஜெர்மானியத்தைக் காப்பாற்றியவர்கள். அவர்களுடைய பேச்சு ஜெர்மனின் ஒரு கிளை, கரடுமுரடான கிளை.

தவாரெஸ் கையை விரித்தார். கேட்டாயா என்கிற மாதிரி.

ஜெனேசியோவின் முகம் செத்துப்போனது. ஹுல்டா போதகரிடமே திரும்பினாள். அவரிடம் எப்போதும் கோயில் மொழியில் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள். அன்று பொமரிஷில் பேசினாள். ஜெனேசியோ இரண்டு பக்கமும் கேட்கும்படி அதைப் போர்த்துகீசியத்தில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஐயா, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. கோயில்ல நின்னு எங்களுக்கு என்ன சொன்னீங்களோ அதையே இங்கயும் சொல்லுங்க. தொழுவத்துப் பேச்சு, டாய்ச்சே இல்லைன்னீங்க. நாங்க தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டோம். குனியும்போது ஒண்ணு, நிமிரும்போது ஒண்ணா?"

தவாரெஸுக்கு இப்போது சுவாரசியம் வந்துவிட்டது. விஷயத்தை முடிக்க ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் தன் பேச்சில் ஏதாவது சொல்லட்டும், கொஞ்சம் நீளமாக. போதகர் அதைப் போர்த்துகீசியத்தில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் அது ஜெர்மன். பையன் லாரியில் போவான். கறுப்பன் வாயைத் திறக்கக்கூடாது.

மழையைப் பற்றியோ காப்பியைப் பற்றியோ சொல்லலாம் என்றுதான் ஹுல்டா வாயெடுத்தாள். வந்தது வேறு.

"எங்கம்மா படுக்கையில கிடந்தா. சாகுறதுக்கு முந்தி ராப்போஜன அப்பம் கேட்டா. நீங்க வந்தீங்க. அவ தன் பாவத்தை நம்ம பேச்சுல சொல்ல ஆரம்பிச்சா. நீங்க நிறுத்துனீங்க. கோயில் மொழியில சொல்லுன்னீங்க. காய்ச்சல்ல அவளுக்கு அது மறந்து போச்சு. ஞாபகம் வந்ததும் ஆளனுப்புங்கன்னு அப்பத்தை மறுபடி பெட்டியில வச்சு மூடிக்கிட்டுக் குதிரையேறிட்டீங்க. அவ சாகுற வரைக்கும் அந்த வார்த்தைங்களைத் தேடிக்கிட்டே கிடந்தா. நான் பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணொண்ணா எடுத்துக் கொடுத்தேன். பாதி எனக்கே தெரியலை."

அறையில் இது புரிந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவன் ஜெனேசியோ ஒருவன்தான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அது அவனுக்கும் அம்மா.

தவாரெஸ் போதகரைப் பார்த்தார். "என்ன சொன்னா?"

போதகரின் கைகள் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தன. தன் மக்களைப் பற்றித் தாய்நாட்டுக்கு அவர் எழுதிப் பெருமைப்பட்டதெல்லாம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காட்டில் பூத்த ஜெர்மானியம் என்று அவர் இவர்களைச் சொல்வது வழக்கம். இது புரியவில்லை என்றால் அந்தப் பூ இல்லை. இத்தனை வருஷம் அவர் இங்கே வந்து செய்த வேலைக்கும் பெயர் இல்லை. புரிகிறது என்றால் லாரி.

"புரியவில்லை," என்றார்.

"ஒண்ணுமேவா?"

"ஒன்றிரண்டு சொல் காதில் பட்டது. இது நான் படித்த மொழி இல்லை. இது டாய்ச் இல்லை."

தவாரெஸ் அவரை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் அறுவடை நேரத்தில் ஆள் இல்லை என்று காப்பி வியாபாரிகள் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், படியில் உட்கார்ந்த பெண் மறுநாளும் வந்து உட்காருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. எனக்கு மலையில் இருக்கிற வெள்ளைத் தலை எல்லாம் அலெமான்தான், அது மாறாது என்று சொல்லிவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னார். பையனை விடுகிறேன். கல்யாணம் நடத்திக்கொள்ளலாம். போதகர் ஒரு நாளைக்கு வந்து போர்த்துகீசியத்தில் ஆராதனை நடத்தலாம். அழைப்பு, பாட்டு, ஊர்ப்பேச்சு எல்லாம் போர்த்துகீசியம். ஒரு சிப்பாய் கூடவே இருப்பான். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கலைய வேண்டும்.

ஆல்பினைக் கொண்டுவர ஆள் போனது. ஹுல்டா பின்கட்டில் கிணற்றடியில் காத்திருந்தபோது போதகரை அவர் அறைக்குத் திருப்பிக் கூட்டிப்போனார்கள். கிணற்றருகில் அவர் நின்றார். சிப்பாய் சுருட்டுப் பற்றவைக்கத் திரும்பியிருந்தான். போதகர் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, பொமரிஷில் பேசினார். உச்சரிப்பு கோணலாக இருந்தது. ஆனால் பொமரிஷ்தான்.

"நீ சொன்னது எல்லாம் புரிஞ்சுது. அன்னிக்கு உங்கம்மா சொன்னதும் புரிஞ்சுது."

ஹுல்டா கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும், அம்மா சொன்னது அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்றுதான் அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். அந்த ஆறுதலையும் இந்த மனுஷன் இப்போது எடுத்துக்கொண்டுவிட்டார். தம்பியைக் கொடுத்தவரும் அவர்தான். எதற்கு நன்றி சொல்வது, எதற்குக் காறித் துப்புவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"என்னை மன்னிக்க முடியுமா?" என்று அவர் கேட்டார்.

"தெரியலை ஐயா," என்றாள். "அதுக்கு எனக்கு நாள் ஆகும். நீங்க கல்யாணத்துக்கு வந்துடுங்க."

ஆல்பின் வீங்கிய உதட்டோடு வந்தான். என்ன செய்தார்கள் என்று ஜெனேசியோ கேட்டதற்கு, போர்த்துகீசியத்தில் மட்டும், "ஒண்ணுமில்லை," என்றான். வீட்டுக்கு வந்ததும் தொப்பியையும் பாட்டிலையும் அவன் முன்னால் வைத்தார்கள். அவன் தொடவில்லை. மறுபடியும் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போக முடியாது என்று மட்டும் அக்காவிடம் சொன்னான். சொல்லும்போது சுவரைப் பார்த்தான். ஹுல்டா அவனை வற்புறுத்தவில்லை. சூப் வைத்துக் கொடுத்தாள். உதட்டில் படாமல் குடிக்க மரக்கரண்டி கொடுத்தாள்.

பிறகு தொப்பியில் புது நாடா கட்டித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

மணப்பெண்ணே அழைப்புக்குப் போவதை அந்த மலையில் யாரும் பார்த்தது கிடையாது. எவால்டின் அம்மா கேள்விப்பட்டு வாயில் கை வைத்தாள். ஊர் என்ன சொல்லும் என்று ஆளனுப்பினாள். ஊர் வாயைத் திறந்தால்தான் ஜெயில் ஆச்சே, ஒன்றும் சொல்லாது என்று ஹுல்டா பதில் அனுப்பினாள். கழுதையில் அவள், பக்கத்தில் நடந்தபடி ஜெனேசியோ. அழைப்புப் பாட்டை அவன் போர்த்துகீசியத்தில் கட்டியிருந்தான். ராத்திரி முழுக்க யோசித்ததாகச் சொன்னான். முதல் வீட்டில் கிழவர் குஸ்டாவ் கையைக் காதில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஒரு சொல் புரியவில்லை. பாட்டிலைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே ஹுல்டாவைப் பார்த்தார்.

"இவன் என்னம்மா உளர்றான்?" என்று பொமரிஷில் கேட்டார்.

ஹுல்டா உதட்டில் விரலை வைத்தாள். கிழவருக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. ஒரு மடக்குக் குடித்தார். உள்ளே போய்த் தன் மனைவியின் நல்ல நாடாவையே எடுத்துவந்து அவள் தோளில் குத்தினார். அடுத்தடுத்த வீடுகளில் ஜெனேசியோ பாட்டை நீட்டிக்கொண்டே போனான். கோழி, சேமியா, மாட்டிறைச்சி, மூன்று நாள் ஆட்டம் என்று எல்லாவற்றையும் சேர்த்தான். ஒருவருக்கும் புரியாததால் துணிச்சல் கூடியது. எவால்டின் காது பெரியது என்றுகூட ஒரு வரி போட்டான்.

பாலம் வந்தது. அதே இரண்டு சிப்பாய்கள். ஹுல்டா கழுதையை நிறுத்தச் சொன்னாள். தாண்டிப் போய்விடலாம் அக்கா என்று ஜெனேசியோ கெஞ்சினான். அவள் இறங்கினாள். பாட்டிலை எடுத்துச் சிப்பாய்களின் முன் நீட்டினாள். "இவங்களுக்கும் சொல்லு. முழுசா."

ஜெனேசியோ தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். அந்த மலையில் அவன் பாட்டைப் புரிந்துகொண்ட முதல் ஆட்கள் அந்த இரண்டு பேர்தான். காது வரியில் இளையவன் வாய்விட்டுச் சிரித்தான். மூத்தவன் பாட்டிலை வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் வாங்கினான்.

கல்யாணத்தன்று அவள் தங்கள் வழக்கப்படி கறுப்பு உடுத்தி, இடுப்பில் பச்சை நாடா கட்டிக்கொண்டு வந்தாள். வண்டிகள் வரிசை கட்டி வந்தன. கூப்பிட்டவர்களைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். கோயில் பூட்டியிருந்ததால் களத்திலேயே மேசை போட்டார்கள். போதகர் கட்டைப் போர்த்துகீசியத்தில் ஆராதனையை நடத்தினார். சனங்கள் எங்கே எழுந்து நிற்பது, எங்கே உட்காருவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்தார்கள். சம்மதமா என்று கேட்கும் இடத்தில் எவால்ட் ஒரு நொடி முந்திச் சம்மதம் சொல்லிவிட்டான். ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ஹுல்டா தன் கையால் அவருக்கு ஒரு தட்டுக் கொண்டுபோய் வைத்தாள். அவர் தட்டைக் காலி செய்தார்.

கூட்டம் முதலில் கப்சிப்பென்று இருந்தது. காவலுக்கு வந்த சிப்பாய் பாலத்து மூத்தவன். அவன் பக்கம் போகும்போதெல்லாம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெனேசியோ அக்கார்டியனை எடுத்தான். அதற்கு மொழி கிடையாது என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கியது. ஆட்டத்தின் சத்தத்துக்குக் கீழே மெல்ல மெல்லப் பேச்சும் தொடங்கியது. சமையல் கொட்டகையில் பெண்கள் பேசினார்கள். தொழுவத்துப் பக்கம் ஆண்கள் பேசினார்கள். ஆல்பின் மட்டும் வெகுநேரம் வேலியோரம் நின்றான். எவால்டின் தங்கை போய் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். என்ன மொழியில் என்று ஹுல்டாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் வாய் அசைந்ததைப் பார்த்தாள். வீங்கிய இடம் வற்றியிருந்தது.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியது. சிப்பாய் எழுந்து துப்பாக்கி வாரைச் சரிசெய்தான். அக்கார்டியன் பாதியில் நின்றது. வண்டிகளைப் பூட்ட ஆட்கள் எழுந்தார்கள். எவால்ட் மனைவியின் கையைப் பிடித்தான், வேண்டாம் என்கிற மாதிரி. அவள் கையை விடுவித்துக்கொண்டு சிப்பாயிடம் போனாள். ஜெனேசியோ பின்னாலேயே வந்தான். அவள் அவனை நிற்கச் சொன்னாள்.

இருக்கிற போர்த்துகீசியத்தை எல்லாம் சேர்த்துக் காய்கறி விற்கிற குரலில் பேசினாள். "எங்க கல்யாணம் மூணு நாள். இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு ரெண்டு. அதிகாரிகிட்ட சொல்லணும்னா போய்ச் சொல்லுங்க. பாதை கல்லும் முள்ளும். இருட்டிடுச்சு. நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்."

"எனக்கு உத்தரவு இருக்கு அம்மா," என்றான் அவன்.

"உங்களுக்கு உத்தரவு. எனக்குக் கல்யாணம். கோழி சூப் இருக்கு. உட்காருங்க."

சிப்பாய் பள்ளத்தாக்கின் பாதையைப் பார்த்தான். அது ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியவில்லை. நூறு பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, போதகருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பலகையில் உட்கார்ந்தான். சூப்பில் மிளகு தூக்கலாக இருக்கட்டும் என்றான்.

ஹுல்டா கொட்டகையைப் பார்த்துத் திரும்பி, களம் முழுக்கக் கேட்கும்படி, தன் பேச்சில், இன்னொரு பானை ஏற்றச் சொன்னாள்.